நெறிக்கட்டா, லிம்ஃபோமாவா? ஒரு ரிப்போர்ட்டும் அதன் சொற்களும்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. இரண்டு மாதமாகக் கழுத்தின் இடது பக்கம் வரிசையாக மூன்று நான்கு கட்டிகள். வலி இல்லை. சாயங்காலமானால் லேசாகக் காய்கிறது, நான்கு கிலோ இளைத்துவிட்டாள். ஸ்கேன் எடுத்து, ஊசியால் உறிஞ்சி டெஸ்ட் செய்தார்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். டாக்டர் திங்கட்கிழமைதான் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மகன் போனில் தேடிப் பார்த்து, "லிம்ஃபோமான்னா கேன்சர்மா" என்கிறான். மாமியார், "இது வெறும் நெறிக்கட்டு, சுண்ணாம்பும் மஞ்சளும் குழைச்சுப் போடு" என்கிறார். அவருக்கே பல வருஷமாக யானைக்கால். அவர் சீட்டிலும் லிம்ஃபெடிமா என்று எழுதியிருக்கிறது. எல்லாம் ஒரே வியாதியா? குடும்பத்தில் ஓடுகிறதா? மகளுக்கு எதிர்ப்பு சக்தி போய்விட்டதா? வரன் பார்க்கும் நேரம், தூக்கமே இல்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம் அருகில்

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் தூக்கத்துக்கான பதில். ஊசிப் பரிசோதனையைப் பார்த்து எழுதியவர், இது காசநோய் என்று நினைக்கிறார். நுரையீரலில் வரும் அதே டி.பி.தான், உங்கள் மகளுக்குக் கழுத்து நெறியில் வந்திருக்கிறது. அதை உறுதிப்படுத்த இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி. உறுதியானால் ஆறு மாத மாத்திரையில் தீரக்கூடியது. நுரையீரலுக்கு வெளியே டி.பி. அதிகமாக வந்து உட்காரும் இடமே இந்த நெறிகள்தான்.

நான் பேத்தாலஜிஸ்ட். முப்பது வருஷமாக இந்த மாதிரி ரிப்போர்ட்களை எழுதுகிறவள். நாங்கள் எழுதுவது இன்னொரு டாக்டருக்கு. ஆனால் அதை முதலில் பிரித்துப் படிப்பது நோயாளியின் வீடு, அதுவும் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம், கையில் போனோடு. அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் சொற்களைப் பிரித்துக் காட்டுகிறேன்.

இந்தச் சொற்களுக்குத் தலை ஒன்று, வால் ஒன்று உண்டு. தலையில் இருக்கும் 'லிம்ஃப்' இடத்தை மட்டும்தான் சொல்லும். கும்பகோணம் என்று விலாசம் எழுதியிருந்தால் அந்த வீட்டில் கல்யாணமா கருமாதியா என்று தெரியாதல்லவா, அந்த மாதிரி. என்ன நடக்கிறது என்பது வாலில் இருக்கிறது.

லிம்ஃபா என்றால் லத்தீனில் தெளிந்த நீர். ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களுக்குள் போகிற நீரில் ஒரு பகுதி நேராக ரத்தத்துக்குத் திரும்புவதில்லை. அதை வாரி எடுத்துக்கொண்டு போக உடம்பு முழுக்கத் தனியாக ஒரு மெல்லிய வாய்க்கால் அமைப்பு உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் அதில் ஓடி, கழுத்தடியில் மறுபடி ரத்தத்தில் சேரும். நாம் நிணநீர் என்கிறோம். பழந்தமிழில் நிணம் என்றால் கொழுப்பு. இந்தப் பெயரை வைத்தவர் இதை யோசித்து வைத்தாரோ இல்லையோ, பொருத்தமாக அமைந்துவிட்டது. 1622இல் இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி, நன்றாகச் சாப்பிட்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலை ஒட்டி வெள்ளை வெள்ளையாகக் குழாய்களைப் பார்த்தார். பாலைப் போல அவற்றில் ஓடியது, சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்பு. குடலில் இருந்து கொழுப்பை எடுத்துப்போவதும் இதே வாய்க்கால்தான்.

வாய்க்காலில் அங்கங்கே மடை மாதிரி இருப்பவை கணுக்கள். நாம் நெறி என்பது இவற்றைத்தான். உடம்பில் சுமார் அறுநூறு. கழுத்தில் மட்டுமே நூற்றுக்கணக்கில் இருக்கும். பழைய புத்தகங்களில் நிணநீர்ச் சுரப்பி என்று இருக்கும். உமிழ்நீர்ச் சுரப்பி மாதிரி அது எதையும் சுரப்பதில்லை, அதனால் கணு என்பதே சரி. கரும்பில் இருக்குமே, அதே கணு. ஆனால் பேரை மாற்றினாலும் ஆங்கிலத்தில் அந்தப் பழைய தப்பு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது: 'அடினோ' என்றால் கிரேக்கத்தில் சுரப்பி. லிம்ஃபடினோபதி, லிம்ஃபடினைட்டிஸ் என்று எங்கே பார்த்தாலும் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

உங்கள் மாமியார் சொன்ன நெறிக்கட்டு என்ற சொல்லை நான் மதிக்கிறேன். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும், கைவிரலில் நகச்சுற்று வந்தால் அக்குளில் கட்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். எந்த வாய்க்கால் எந்த மடைக்குப் போகிறது என்று படிக்காமலே கண்டுவைத்திருந்தார்கள். சொல் சரி. சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது வால்கள். 'பதி' என்று முடிந்தால் ஏதோ கோளாறு, அவ்வளவே. உங்கள் ஸ்கேனில் உள்ள 'சர்விகல் லிம்ஃபடினோபதி'க்கு, கழுத்து நெறி பெருத்திருக்கிறது என்பதற்கு மேல் அர்த்தமில்லை. ஏன் பெருத்தது என்று ஸ்கேன் எடுத்தவருக்குத் தெரியாது. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. ஊசி ரிப்போர்ட்டில் இருக்கும் லிம்ஃபடினைட்டிஸ் அதுதான். 'சைட்' என்றால் செல். லிம்ஃபோசைட் என்பது இந்தக் கணுக்களில் குடியிருக்கும் வெள்ளை அணு. ரத்தப் பரிசோதனையில் அது 42 சதவீதம் என்று இருப்பதை வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். மொத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கும்போது 40க்கு மேல் இரண்டு கூடியதற்குத் தனியாக அர்த்தம் தேட வேண்டாம்.

வீட்டைக் கலவரப்படுத்தும் வால் 'ஓமா'. ஓமா என்றால் கட்டி, திரட்சி. லிம்ஃபோமா புற்றுநோய்தான், அதில் உங்கள் மகன் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டின் முதல் வரியில் இருப்பது கிரானுலோமா, வெள்ளை அணுக்கள் கூடி நிற்கும் திரட்சி. அடிபட்டு ரத்தம் கட்டினால் அதற்குப் பெயர் ஹீமட்டோமா. இரண்டும் புற்றுநோய் இல்லை. வாலைப் பார்த்ததும் பதறினால் நெற்றியில் முட்டிக்கொண்ட வீக்கத்துக்கும் அழ வேண்டியதாகிவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனுடைய நெறிக்கு 'ரியாக்டிவ் லிம்ஃபாய்டு ஹைப்பர்பிளேசியா' என்று எழுதிக் கொடுத்தேன். நல்ல செய்தி என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் லேப் வாசலில் அவன் அப்பாவும் அத்தையும் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள். லிம்ஃபாய்டு அவர்களுக்கு லிம்ஃபோமாவாகப் பட்டிருக்கிறது, ஹைப்பர்பிளேசியா என்றால் பெருகிக்கொண்டே போவது என்று கவுண்டரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வரிக்கு உண்மையில் என்ன பொருள் என்றால், பக்கத்தில் எங்கோ தொற்று வந்திருக்கிறது, நெறி ஆள் சேர்த்துக்கொண்டு வேலை செய்கிறது. பையனுக்குச் சொத்தைப் பல். அன்றிலிருந்து இந்த வரியை எழுதும்போது கீழே 'புற்றுநோய் செல்கள் இல்லை' என்றும் சேர்த்து எழுதுகிறேன். எங்கள் ஆட்களில் சிலர் அதை அநாவசியம் என்பார்கள். எழுதிவிட்டுப் போகிறேன்.

சரி, உங்கள் ரிப்போர்ட். ஸ்கேனில் நான்கு விஷயம் சொல்லியிருக்கிறார்கள்: பெரியது 2.4 செ.மீ., 'மேட்டட்', 'லாஸ் ஆஃப் ஃபேட்டி ஹைலம்', நடுவில் நெக்ரோசிஸ். கழுத்து நெறி ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாகக் கண்டுகொள்ள மாட்டோம், அதனால் 2.4 என்பது பெருத்ததுதான். மேட்டட் என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பது. ஹைலம் என்ற சொல்லுக்கு மொச்சைக்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். உரிக்கும்போது ஓரத்தில், தோலோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தழும்பு தெரியுமே, அதுதான் ஹைலம். நல்ல நெறியும் மொச்சை வடிவம், அதே இடத்தில் கொழுப்பு சூழ்ந்து ரத்தக் குழாய் உள்ளே போகும். நோய் வந்த நெறி உருண்டு திரண்டு அந்தத் தழும்பு தெரியாமல் போய்விடும். இது டி.பி.யிலும் நடக்கும், லிம்ஃபோமாவிலும் நடக்கும். ஆனால் ஒட்டிக்கொள்வதும் நடுவில் திசு செத்துப்போவதும் (நெக்ரோசிஸ்) சேர்ந்து வந்தால் நம் ஊரில் முதலில் டி.பி.யைத்தான் நினைப்போம். சித்த வைத்தியத்தில் இதற்குக் கண்டமாலை என்று பெயர். கண்டம் என்றால் கழுத்து, அதில் மாலை கட்டியது போல நெறிகள். லத்தீனில் இதே நோய்க்கு ஸ்க்ரோஃபுலா, பெண்பன்றியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம்முடையது கேட்கக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது. இங்கிலாந்தில் அரசர் தொட்டால் இது குணமாகும் என்று வரிசையில் நின்றார்கள். பிற்காலத்தில் அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சனை, குழந்தையாக இருந்தபோது 1712இல் ராணி ஆன் தொட்டார். குணமாகவில்லை, கழுத்துத் தழும்போடுதான் வாழ்ந்தார்.

அடுத்து ஊசி ரிப்போர்ட், எஃப்.என்.ஏ.சி. 'கிரானுலோமேட்டஸ் லிம்ஃபடினைட்டிஸ் வித் கேசியஸ் நெக்ரோசிஸ், சஜஸ்டிவ் ஆஃப் டியூபர்குலஸ் எட்டியாலஜி' என்று இருக்கிறது. கடைசி இரண்டு சொல்லுக்கு, காரணம் டி.பி. என்று பொருள். மகளுக்கு எப்படி எடுத்தார்கள் என்று நினைவிருக்கும். கட்டியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, மெல்லிய ஊசியை உள்ளே விட்டு நாலைந்து தரம் முன்னும் பின்னும் அசைப்போம். மற்ற நெறிகளில் ரத்தம் கலந்த ஒரு சொட்டு வரும். இந்த நெறியில் வருவது திரிந்த பாலின் திப்பி மாதிரி, வெள்ளையும் மஞ்சளுமாக இருக்கும். கேசியஸ் என்றால் பாலாடைக்கட்டி போன்ற என்று பொருள். நெக்ரோசிஸ் என்றால் திசு செத்துப்போவது. அந்தத் திப்பியைக் கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடில்) இழுத்துவிடும்போதே கைக்குத் தெரிந்துவிடும், இது என்னவென்று.

அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கிரானுலோமா. காசநோய்க் கிருமியை விழுங்கியும் கொல்ல முடியாத வெள்ளை அணுக்கள், செருப்புத் தடம் போல நீண்ட உட்கருவோடு கூட்டம் கூட்டமாக நிற்கும். அவற்றில் சில ஒன்றோடொன்று கலந்து ஒரே பெரிய செல்லாகி, அதன் ஓரத்தில் உட்கருக்கள் குதிரை லாடம் மாதிரி வரிசை கட்டியிருக்கும். சுற்றிலும் லிம்ஃபோசைட்டுகள். கிருமியை நடுவில் வைத்து எழுப்பிய சுவர் அது.

எதிர்ப்பு சக்தி போய்விட்டதா என்று கேட்டீர்களே, பதில் இந்தச் சுவரில் இருக்கிறது. எதிர்ப்பு சக்தி அடியோடு போனவர்களுக்கு இப்படி ஒழுங்காகக் கிரானுலோமா கட்ட வராது. உங்கள் மகளின் உடம்பு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, ஜெயிக்க மருந்து வேண்டியிருக்கிறது. இம்யூனிட்டி என்ற சொல்லின் மூலமான 'இம்யூனிஸ்' ரோமாபுரியில் வரியிலிருந்தும் ஊர்க்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவனைக் குறித்தது. உங்கள் ஊர்ப் பக்கக் கோயில் கல்வெட்டுகளில் இறையிலி என்று வருமே, கிட்டத்தட்ட அதே சொல். பாட்டில் பாட்டிலாக எதையாவது குடித்து இந்த இறையிலியை வாங்க முடியாது. பவுடர், லேகியத்துக்குக் கொடுக்கும் காசில் முட்டை, கடலை, பயறு, மீன் வாங்கிப் போடுங்கள். டி.பி.யில் இளைத்த உடம்புக்கு முதலில் தேவை புரதம். சிகிச்சை தொடங்கும்போது எல்லோருக்குமே சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பரிசோதிப்பார்கள். உங்கள் மகள்மேல் சந்தேகப்பட்டு எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி, ஊசி ரிப்போர்ட்டில் லிம்ஃபோமா என்ற சொல் வரும் கடைசி வரி: 'டு ரூல் அவுட் லிம்ஃபோமா இஃப் கிளினிக்கலி இண்டிகேட்டட்.' எங்கள் எழுத்தில் நிச்சயத்துக்குப் படிகள் உண்டு. 'டயக்னாஸ்டிக் ஆஃப்' என்று எழுதினால், இதுதான், சந்தேகமே இல்லை. 'கன்சிஸ்டென்ட் வித்' என்றால், நான் பார்த்தது இந்த நோயோடு ஒத்துப்போகிறது. 'சஜஸ்டிவ் ஆஃப்' என்றால், இதுவாகத்தான் இருக்கும், ஆனால் கையில் இன்னொரு சாட்சி வேண்டும். 'ரூல் அவுட்' என்பதுதான் மிக மோசமாகப் புரிந்துகொள்ளப்படும் சொல். 'இருக்கிறது' என்று படிக்கிறார்கள். 'இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்' என்பதே அதன் பொருள். 'இஃப் கிளினிக்கலி இண்டிகேட்டட்' என்றால், நேரில் பார்க்கும் டாக்டருக்குத் தேவை என்று பட்டால்.

அதை ஏன் எழுத வேண்டும்? சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது, ராத்திரி வியர்வை மூன்றும் டி.பி.க்கும் பொது, லிம்ஃபோமாவுக்கும் பொது. ஊசி எடுப்பது நெறியிலிருந்து ஒரு சிட்டிகை. லிம்ஃபோமாவைத் தீர்மானிக்க முழு நெறியையும் எடுத்து அதன் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். சில லிம்ஃபோமாக்களுக்குள்ளும் கிரானுலோமா ஒளிந்திருக்கும். அதனால் அந்த வரியை எழுதியவர் தன் வேலையைத்தான் செய்திருக்கிறார். 'டி.பி. மருந்து கொடுத்தும் சரியாகவில்லை என்றால் மட்டும்' என்று சேர்த்திருந்தால் உங்களுக்கு இரண்டு ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு சாட்சி என்றேனே, அது சிபிநாட் டெஸ்ட். கிருமியின் மரபணுவைத் தேடிக் கண்டுபிடிக்கும், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். இயந்திரத்தில் வைத்தால் இரண்டு மணி நேர வேலை. அரசு மருத்துவமனையில் இலவசம். திங்கட்கிழமை டாக்டரிடம் கேளுங்கள்: "ஊசியில் எடுத்ததை சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்பினார்களா?" கல்ச்சர் என்றால் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. அனுப்பவில்லை என்றால் இன்னொரு முறை ஊசி போட வேண்டியிருக்கும். போடட்டும். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். ரிப்போர்ட்டில் 'ஏ.எஃப்.பி. நெகட்டிவ்', அதாவது சாயம் போட்டுப் பார்த்ததில் டி.பி. கிருமி தென்படவில்லை, என்று இருப்பதை வைத்து டி.பி. இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். நெறியில் கிருமிகள் கொஞ்சமாகத்தான் இருக்கும், சாயம் போட்டுத் தேடினால் பல நேரம் கண்ணில் படாது.

மார்பு எக்ஸ்ரேவும் எடுக்கச் சொல்வார்கள். நுரையீரலில் இல்லை, நெறியில் மட்டும்தான் என்றால் அடுத்தவருக்குத் தொற்றாது. தனித் தட்டு, தனி டம்ளர், தனி அறை எதுவும் தேவையில்லை. மருந்து முதல் இரண்டு மாதம் நான்கு வகை, அடுத்த நான்கு மாதம் மூன்று வகை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதீர்கள், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அரசுத் திட்டத்தில் பதிவு செய்தால் மருந்து இலவசம், சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், இல்லையென்றால் மறுபடி தூக்கம் போகும். மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்து நெறி இன்னும் பெருக்கலாம், புதிதாக ஒன்று முளைக்கலாம். செத்த கிருமிகளோடு உடம்பு மல்லுக்கட்டுவதால் பல நேரம் இப்படி ஆகும், பாரடாக்ஸிகல் ரியாக்‌ஷன் என்று எழுதுவார்கள். டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் முடிந்த பிறகும் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்றிரண்டு தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் தழும்புதான்.

சுண்ணாம்பு விஷயம். இந்தக் கட்டி சூடு இல்லாமல், சிவக்காமல் உள்ளுக்குள்ளேயே இளகிச் சீழாகும். மேல்தோல் ஏற்கெனவே மெலிந்திருக்கும். அதன்மேல் சுண்ணாம்பு பட்டால் தோல் வெந்து உடையும். உடைந்தால் மாதக்கணக்கில் கசியும், ஆறினாலும் கழுத்தில் சுருங்கிய தழும்பு நிற்கும். கீறிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சீழை எடுக்க வேண்டியிருந்தால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். மாமியாரிடம் நெறிக்கட்டு என்ற வரையில் அவர் சொன்னது சரிதான் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், மனசு ஆறும்.

அவர் காலைப் பற்றி: லிம்ஃபெடிமாவில் 'எடிமா' என்றால் நீர் கோத்த வீக்கம். க்யூலெக்ஸ் கொசு கொண்டுவந்து விட்ட ஃபைலேரியா புழு நிணநீர் வாய்க்காலிலேயே குடியிருந்து அதைக் கெடுத்துவிடும். நீர் வடிய வழியில்லாமல் கால் வீங்கும். அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் வெளியே வரும், அதனால்தான் ஊர்ப் பக்கம் சுகாதாரத் துறைக்காரர்கள் ராத்திரியில் வந்து விரலில் குத்திப் போனார்கள். மகளுக்கு வந்தது பாக்டீரியா, இவருக்கு வந்தது புழு. வாய்க்கால் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமில்லை, இரண்டுமே பரம்பரையும் இல்லை. அவர் காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் ஈரமில்லாமல் ஒற்றி, உட்காரும்போது உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். விரல் இடுக்குச் சேற்றுப்புண்ணை விட்டுவைக்கக் கூடாது. அந்த வழியாகத்தான் குளிர் காய்ச்சல் வந்து ஒவ்வொரு தடவையும் கால் இன்னும் பெருக்கிறது.

கடைசியாக வரன். சிகிச்சை முடிந்த பெண்ணுக்குக் கல்யாணத்துக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ இதனால் தடை இல்லை. என்னைக் கேட்டால் ஆறு மாதம் பேச்சைத் தள்ளிவைத்து அவளை முதலில் தேற்றுவேன். நடுவிலேயே கல்யாணம் கூடிவந்தால் மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடும் நிலைமைக்கு அவளைத் தள்ளாதீர்கள். அப்படித்தான் பல பேர் பாதியில் விடுகிறார்கள். ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது என்பதையும் அவளிடமே நேரே சொல்லிவிடுங்கள். 22 வயதுப் பெண், புரிந்துகொள்வாள்.

ஊசி ரிப்போர்ட்டோடு கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள், காகிதத்தில் சுற்றி, உடையாமல். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான். சிபிநாட் முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.